ஆபரேஷன் முடிஞ்சாச்சு... இனி உங்க முறை!

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கிறது. "நல்லபடியா முடிஞ்சுது. குழந்தையை ஐ.சி.யூ.வுக்கு மாத்தியாச்சு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுகிறார். கும்பிட்ட சாமிக்கெல்லாம் மனசுக்குள் நன்றி சொல்கிறீர்கள். சற்று நேரத்தில், "அம்மா மட்டும் உள்ளே வாங்க" என்று நர்ஸ் கூப்பிடுகிறார். ஓடிப்போய்ப் பார்த்தால்...

மூக்கில் ஒரு குழாய். கையில் அட்டை வைத்துக் கட்டிய டிரிப்ஸ். கால் விரலில் சிவப்பு வெளிச்சம். முகம் லேசாக வீங்கி, உதடு காய்ந்து, நேற்று வரை மடியில் துள்ளிய குழந்தை துவண்டு கிடக்கிறது. 'இது என் குழந்தைதானா?' என்று ஒரு நிமிஷம் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முன்னால் தைரியமாக இருந்த பெற்றோர்கூட உடைந்து போவது இந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் 'இனி நம்மால் என்ன செய்ய முடியும், எல்லாம் டாக்டர் கையில்' என்று ஓரமாக உட்கார்ந்து விடாதீர்கள். கத்தி பிடிக்கிற வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற ஏழெட்டு நாளில் பாதி வைத்தியம் உங்கள் கையில்தான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

வயிற்றைத் தட்டாதீர்கள்!

எங்கள் ஆரணியில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். பட்டு நெய்கிற வீடுகளில் கைக்குழந்தைக்கு வயிற்று வலி என்றால், முதலில் போவது 'குடல் தட்டுகிற' பாட்டியிடம். அல்லது தொக்கம் எடுப்பவரிடம். சாதாரண வாயுத் தொல்லை என்றால் அது தானாகவே சரியாகிவிடும். பாட்டிக்கும் நல்ல பேர் கிடைத்துவிடும். ஆனால் 'குடல் சொருகல்' என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் ஆபத்து.

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வதுதான் குடல் சொருகல். சட்டைக் கையின் ஒரு பகுதி உள்பக்கமாகச் சுருண்டுகொள்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வயதுக்குள், அதுவும் ஐந்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வரும். நன்றாக விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீல் என்று அலறும். சில நிமிஷத்தில் அடங்கிவிடும். கால் மணி, அரை மணி கழித்து மறுபடியும் அதே அலறல். நடுவே முகம் வெளுத்து, சோர்ந்து கிடக்கும். வாந்தி பச்சையாக வரும். பிறகு ரத்தமும் சளியும் கலந்து ஜாம் மாதிரி மலம் போகும்.

சீக்கிரம் கொண்டு போனால், கத்தியே வைக்காமல் ஆசனவாய் வழியாகக் காற்றையோ, உப்பு நீரையோ செலுத்திப் பல குழந்தைகளுக்குச் சரி செய்துவிடுகிறார்கள். வயிற்றைத் தட்டி, தொக்கம் எடுத்து, மந்திரித்து ஒரு நாளைக் கழித்துவிட்டால் மாட்டிக்கொண்ட குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கும். அப்புறம் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான்.

இது தாய்ப்பாலால் வந்ததில்லை. அம்மா சாப்பிட்ட எதனாலும் வந்ததில்லை. "நீ என்னத்தைத் தின்னியோ?" என்று மருமகளைக் குடையும் மாமியார்கள் தயவுசெய்து இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

குழாய்களைக் கண்டு பயமா?

கண்ணமங்கலம் வழியாகப் போனால் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இன்னும் கொஞ்ச தூரத்தில் வேலூர் சி.எம்.சி. சிலர் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகிறார்கள். எங்கே போனாலும், ஆபரேஷன் முடிந்த குழந்தையின் உடம்பில் நீங்கள் பார்க்கப் போகிறவை ஏறக்குறைய ஒன்றுதான்.

மூக்குக் குழாய் சாப்பாட்டுக்காக இல்லை. வயிற்றில் தேங்கும் நீரையும் காற்றையும் வெளியே எடுக்கத்தான். அதில் பச்சையாக வருகிறதே என்று பதறாதீர்கள், அது பித்தநீர். நாள் போகப்போக அளவு குறைந்தால் குடல் விழித்துக் கொள்கிறது என்று அர்த்தம்.

காலில் சிவப்பு வெளிச்சம் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்கிறது. குழந்தை காலை உதைத்தாலே அந்த மிஷின் கத்தும். மிஷினைப் பார்க்காமல் முதலில் குழந்தையைப் பாருங்கள். நிறம் நன்றாக இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா? பிறகு நர்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களாக எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம்.

முக வீக்கம் பெரும்பாலும் ஏற்றிய திரவத்தாலும், அசையாமல் படுத்திருப்பதாலும் வருவது. இரண்டொரு நாளில் வடிந்துவிடும்.

இந்த வீக்கத்தால்தான் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் கட்டிய மந்திரித்த கயிறு, வசம்பு வளையல், இடுப்பில் அரைஞாண் கொடி எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கழற்றச் சொல்வார்கள். "வெள்ளிக் கொடியை அவுத்தா ஆகாதே" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். உடம்பு வீங்கும்போது கயிறு இறுக்கும். அரைஞாண் தையலில் உரசும். விபூதி வைக்க வேண்டுமா? நெற்றியில் துளி வையுங்கள். தையல் பக்கமும் டிரிப்ஸ் ஊசி பக்கமும் விபூதிக் கை போகவே கூடாது.

குழந்தைக்கு வலி தெரியுமா?

"பச்சைப் புள்ளைக்கு என்ன தெரியும், நாளைக்கே மறந்துடும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேல்நாட்டு மருத்துவ உலகத்திலேயே பல பேர் அப்படித்தான் நம்பினார்கள்!

1985ம் வருஷம், அமெரிக்கா. ஜில் லாசன் என்ற பெண்மணிக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பேர் ஜெஃப்ரி. இதயத்துக்குப் பக்கத்தில் மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாததால் ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து வாரம் கழித்துக் குழந்தை இறந்துவிட்டது. பிறகுதான் அந்தத் தாய்க்கு விஷயம் தெரிந்தது. குழந்தை அசையாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். வலி தெரியாமல் இருக்க எதுவுமே கொடுக்கவில்லை! கேட்டபோது, 'இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வலி தெரியும் என்பது நிரூபணம் ஆகவில்லை' என்ற ரீதியில் பதில் வந்தது. அந்தத் தாய் அழுதுவிட்டு ஓயவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1986ல் அந்த விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்து அமெரிக்காவையே உலுக்கியது.

அதே சமயத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இதே கேள்வியை ஆராய்ந்து கொண்டிருந்தார். இந்தூரில் மருத்துவம் படித்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். நன்றாக இருந்த குறைமாதக் குழந்தைகள் ஆபரேஷன் முடிந்து திரும்பும்போது மட்டும் ஏன் இப்படிக் குலைந்து போய் வருகின்றன என்று யோசித்தார். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால், கடும் அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. சரியான வலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்கு அந்த ஏற்றமும் குறைந்தது, ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைந்தன. 1987ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளிவந்தது. அதே வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், பச்சிளம் குழந்தைகளுக்கும் மயக்க மருந்தும் வலி மருந்தும் தர வேண்டும் என்று அறிவித்தது.

இன்று நம் ஊர்க் குழந்தை வலியில்லாமல் தூங்குகிறது என்றால், அதன் பின்னால் ஒரு தாயின் கண்ணீரும், நம் நாட்டு டாக்டர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது.

வலியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

குழந்தையால் 'வலிக்குது' என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பு சொல்லும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1997ல் இதற்கு ஓர் எளிய கணக்கு வகுத்தார்கள். ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. முகம்: புருவம் நெரிந்து, தாடை இறுகியிருக்கிறதா?
2. கால்: தளர்வாக இருக்கிறதா, உதைத்து மடக்குகிறதா?
3. உடம்பு: அமைதியாகக் கிடக்கிறதா, நெளிந்து வில்லாக வளைகிறதா?
4. அழுகை: முனகலா, விடாத அலறலா?
5. சமாதானம்: தூக்கினால், தொட்டால், பேசினால் அடங்குகிறதா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க். மொத்தம் 10. கூடக்கூட வலி அதிகம் என்று அர்த்தம். நீங்கள் மார்க் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "சிஸ்டர், ஒரு மணி நேரமா காலை மடக்கி மடக்கி அழுவுது. தொட்டாலும் அடங்கலை" என்று தெளிவாகச் சொன்னாலே போதும். 'எதுக்கு அடிக்கடி தொந்தரவு பண்றதுன்னு இருந்துட்டேன்' என்று பிறகு வருத்தப்படாதீர்கள். எது பசி அழுகை, எது தூக்க அழுகை, எது வலி அழுகை என்று அந்த வார்டிலேயே நன்றாகத் தெரிந்தவர் பெற்ற தாய்தான். வலி மருந்தை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

தொடுங்கள், பேசுங்கள்

லண்டனில் 1952ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு சினிமாப் படம் எடுத்தார். கதை கிடையாது, நிஜம். லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தை தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கூட அம்மா இல்லை. அந்தக் காலத்தில் அங்கே பெற்றோர் வார்டில் தங்க முடியாது, பார்வை நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அழுகையை அடக்கப் போராடும் அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்துப் பல டாக்டர்கள் கோபப்பட்டார்கள், பலர் யோசித்தார்கள். கடைசியில் 1959ல் அரசாங்கக் குழு ஒன்று, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வார்டைப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அம்மா, வராந்தாவில் ஆயா! வசதிக் குறைவு என்று நாம் நினைத்தது எவ்வளவு பெரிய வரம்!

ஐ.சி.யூ.வில் மட்டும் நேரக் கட்டுப்பாடு இருக்கும். கிடைக்கிற பத்து நிமிஷத்தை அழுது வீணாக்காதீர்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் தலையில் வையுங்கள். இன்னொரு கையால் பாதங்களைச் சேர்த்துப் பிடியுங்கள். தடவ வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். சும்மா வைத்திருந்தால் போதும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். தாலாட்டு தெரிந்தால் மெல்லப் பாடுங்கள்.

பால் வற்றாமல் இருக்க

குடல் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு, குடல் அசையத் தொடங்கும் வரை வாய் வழியாக எதுவும் கிடையாது. காற்றுப் பிரிந்தால், மலம் கழிந்தால் வார்டே சந்தோஷப்படும்! அதுவரை டிரிப்ஸ்தான் சாப்பாடு. "பாவம், வாய் காயுதே" என்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொட்டு வைக்காதீர்கள். வாந்தி எடுத்துப் புரை ஏறினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இந்த இடைவெளியில் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும், பிறகு வற்றத் தொடங்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும்கூட, சுத்தமான கையால் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருங்கள். பால் சுரக்க இதைவிட நல்ல மருந்து எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. எடுத்த பாலைச் சேமிப்பதா, கொட்டுவதா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

குழந்தைக்கு ஆபரேஷன் என்றதும் தாய்க்குப் 'பத்தியம்' என்று ரசம் சாதத்தோடு நிறுத்துகிறார்கள். அது தவறு. பருப்பு, முருங்கைக்கீரை, பூண்டு, முட்டை, மீன் என்று வழக்கம்போல் வயிறாரச் சாப்பிடட்டும். தையல் தாய்க்குப் போடவில்லை!

டாக்டர் அனுமதி கொடுத்ததும் பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவார்கள். சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்குப் பீய்ச்சிய பாலை எதில் புகட்டுகிறார்கள் தெரியுமா? நம் பாட்டி வீட்டுப் பாலாடையில்தான்! அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்று பெரிய ஆஸ்பத்திரிகளிலும் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து பயன்படுத்துகிறார்கள். நல்லது எதுவோ அதை யாரும் தள்ளுவதில்லை.

உரைமருந்து வேண்டாம்... சித்த மருத்துவன் சொல்கிறேன்

"டாக்டர், உரைமருந்து குடுக்கலாமா?" என்று ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்து கேட்கிறவர்கள் உண்டு. நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவன். ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: வேண்டாம்!

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர். அதன் அருமை எனக்குத் தெரியாதா? ஆனால் அதே வசம்புக்கு வாந்தி எடுக்க வைக்கும் குணமும் உண்டு. வயிற்றில் புதுத் தையலோடு இருக்கிற குழந்தை ஓங்கரித்தால் என்ன ஆகும்? கல்லில் உரைத்துக் கொடுக்கும்போது அளவும் சரியாக இருக்காது, சுத்தமும் இருக்காது. பேர் தெரியாத செந்தூரம், பற்பம் எல்லாம் இன்னும் ஆபத்து.

சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவத்தில் அறுவையும் ஒன்று. அறுவை வேண்டிய இடத்தில் அறுவைதான் என்று நம் முன்னோர்களுக்கும் தெரியும். தையல் மேல் மஞ்சள், வேப்பெண்ணெய், பச்சிலை எதுவும் கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் சளி உறிஞ்சுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது மூன்றும் அறவே கூடாது. ஏற்கெனவே ஏதாவது நாட்டு மருந்து கொடுத்திருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது உயிர் காக்கும் தகவல்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை

தறியில் பாவு அப்படியே நிற்கிறது. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை. கூலி போனால் வட்டி கட்ட முடியாது. அப்பாவின் கவலை யாருக்கும் தெரியாது, அவரும் வெளியே சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தே நாளைக் கழிப்பார்.

அப்பாக்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை தடவை சிறுநீர், மலம், வாந்தி, காய்ச்சல், என்ன மருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணி நேரமாவது குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவளைத் தூங்க விடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பமானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. கார்டையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு முதல் நாளே ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

வேலூர் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் வார்டுக்குள் நுழைந்தால் வேற்று நாடு மாதிரி இருக்கும். 2003 ஜூலையில் நூர் பாத்திமா என்ற இரண்டரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே வேற்று நாட்டிலிருந்து வந்தார்கள் அவள் பெற்றோர். பாகிஸ்தானின் லாகூரிலிருந்து பஸ்ஸில் டெல்லி வந்து, பெங்களூர் நாராயண ஹிருதயாலயாவில் இதய ஆபரேஷன். முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்தக் குழந்தைக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். குழந்தை பிழைத்து நல்லபடியாக ஊர் திரும்பியது. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், உங்களுக்கும் உறவு கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் என்றதும் தெருவே திரண்டு வரும். சளி, இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தூளியில் போடலாமா, தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா, அரைஞாண் எப்போது கட்டலாம் என்ற மூன்று கேள்வியையும் கிளம்பும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சாயம் காய்ச்சுகிற இடத்துக்கும் அடுப்புப் புகைக்கும் தள்ளிக் குழந்தையைப் படுக்க வையுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். வண்டி இல்லையென்றால் 108க்குப் போன் செய்யுங்கள்.

* பச்சை வாந்தி
* வயிறு உப்பிக் கல்லாக இருப்பது
* தையல் சிவந்து, சூடாகி, சீழ் வடிவது
* காய்ச்சல்
* ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
* மலத்தில் ரத்தம்
* விட்டு விட்டு வரும் அதே அலறல். குடல் சொருகல் சில குழந்தைகளுக்குத் திரும்பவும் வரலாம்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தை சில நாளைக்கு இடுப்பை விட்டு இறங்காது. ராத்திரி திடுக்கிட்டு எழுந்து அழும். வெள்ளைச் சட்டை போட்டவரைக் கண்டால் அலறும். "ஆஸ்பத்திரியில செல்லம் குடுத்துக் கெட்டுப் போச்சு" என்று அதட்டாதீர்கள். பயம் போக அதற்குக் கொஞ்ச நாள் வேண்டும். தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள்.

ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவதில்லை. நிறுத்தி, அந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டுகிறோம். நெடுங்காலமாக அறுவை மருத்துவர்கள் தையல் போட்டதும் பட்டு நூலால்தான்! இழையைச் சேர்க்கிற வேலையை டாக்டர் முடித்துவிட்டார். அது இறுகிப் பிடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.